கடைசியில் முடிப்பவரின் வேகம்

நான்கு செயலிகள் சேர்ந்து செய்த வேலையை மூன்று செயலிகள் இன்னும் சீக்கிரமாக முடித்தன. நான்காவது சும்மா இருந்தது. அது சும்மா இருந்ததால்தான் மற்ற மூன்றும் வேகமாக ஓடின.

இது நடந்த இடம் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உள்ள லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகம். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே 'ஆஸ்கி கியூ' என்ற சூப்பர் கம்ப்யூட்டரை நிறுவினார்கள். ஒரு கணுவுக்கு நான்கு செயலிகள் வீதம் 2,048 கணுக்கள், மொத்தம் 8,192 செயலிகள். கணு என்பதைத் தனக்கென்று நினைவகமும் இயங்குதளமும் கொண்ட ஒரு முழுக் கணினி என்றே எடுத்துக்கொள்ளலாம். 2003 ஜூன் மாத உலகப் பட்டியலில் ஆஸ்கி கியூவுக்கு இரண்டாம் இடம். ஜப்பானின் 'எர்த் சிமுலேட்டர்' மட்டுமே அதற்கு மேலே இருந்தது. அப்படிப்பட்ட இயந்திரத்தில், வெடிப்பும் அதிர்வலையும் பரவுவதைக் கணக்கிடும் 'சேஜ்' என்ற நிரலை முழு அளவில் ஓட்டினால், கிடைக்க வேண்டிய வேகத்தில் பாதிதான் கிடைத்தது.

கிடைக்க வேண்டிய வேகம் இவ்வளவு என்று எப்படித் தெரியும்? ஃபாப்ரிசியோ பெட்ரினி, டேரன் கெர்பைசன், ஸ்காட் பேக்கின் ஆகிய மூவரும் அந்த ஆய்வகத்தில் இருந்தவர்கள். சேஜ் நிரல் எந்தக் கணினியில் எவ்வளவு நேரம் எடுக்கும் என்று முன்கூட்டியே சொல்லும் கணித மாதிரி அவர்களிடம் இருந்தது. வேறு கணினிகளில் அந்த மாதிரி சொன்னது சொன்னபடி நடந்திருக்கிறது. இப்படி எண் பிசகும்போது பெரும்பாலானவர்கள் மாதிரியைத்தான் சந்தேகிப்பார்கள்; இவர்கள் இயந்திரத்தைச் சந்தேகித்தார்கள். கணுவுக்கு மூன்று செயலிகளை மட்டும் வைத்து ஓட்டிப் பார்த்தபோது மாதிரி சொன்ன நேரமும் ஓடிய நேரமும் பொருந்தின. நான்கையும் இறக்கினால், சில நூறு கணுக்கள் வரை வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை. அதற்கு மேல் போகப் போக இடைவெளி விரிந்துகொண்டே போனது.

இதன் காரணத்தைத் தேடி அவர்கள் போன வழி, சூப்பர் கம்ப்யூட்டர்களைப் பற்றி நான் படித்தவற்றிலேயே என்னை அதிகம் ஈர்த்த துப்பறியும் வேலை. அதைப் பின்தொடர வேண்டுமானால், ஓர் அறிவியல் கணக்கை ஆயிரக்கணக்கான செயலிகளுக்கு எப்படிப் பங்குபோடுகிறார்கள் என்பது முதலில் தெரிய வேண்டும்.

பங்குபோடும் யோசனை மின்னணுக் கணினிக்கு முந்தியது. லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர் முதல் உலகப் போரின்போது பிரான்சில் ஆம்புலன்ஸ் ஓட்டினார். அந்தக் காலத்தில், கிடைத்த நேரத்தில் எல்லாம் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்து, 1910 மே 20 அன்று ஐரோப்பாவில் வானிலை எப்படி மாறியிருக்க வேண்டும் என்று இயற்பியல் சமன்பாடுகளைக் கொண்டு கணக்கிட்டார். ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 மில்லிபார் உயரும் என்று விடை வந்தது. உண்மையில் அன்றைக்கு அழுத்தம் ஏறக்குறைய அசையவே இல்லை. விடை இவ்வளவு தூரம் தவறியும் ரிச்சர்ட்சன் முறையைக் கைவிடவில்லை; 1922-இல் அதை முழு நூலாகவே வெளியிட்டார்.

அந்த நூலில் ஒரு கற்பனை மண்டபம் வருகிறது. உலக வரைபடத்தை உட்சுவர் முழுக்கத் தீட்டிய வட்டமான அரங்கம். அதில் 64,000 பேர் அடுக்கடுக்காக உட்கார்ந்து, தத்தம் முன்னால் இருக்கும் நிலப்பகுதிக்கான வானிலையைக் கணக்கிடுகிறார்கள். ஒவ்வொருவரும் தம் விடையைப் பக்கத்தில் இருப்பவர்கள் பார்க்கும்படி காட்டுகிறார்கள், ஏனென்றால் ஓர் ஊரின் அடுத்த மணி நேரக் காற்று, பக்கத்து ஊரின் இந்த மணி நேரக் காற்றைப் பொறுத்தது. நடுவில் உயரமான தூணின் மேல் ஒருவர் நின்று எல்லோரையும் மேற்பார்க்கிறார். மற்றவர்களை முந்திக்கொண்டு ஓடும் பகுதியின் மேல் சிவந்த ஒளியையும், பின்தங்கும் பகுதியின் மேல் நீல ஒளியையும் பாய்ச்சுவது அவருடைய வேலை. எல்லோரும் ஒரே சீராக நகர வேண்டும் என்ற கவலை, கணினியே இல்லாத காலத்தில், கற்பனை மண்டபத்திலேயே வந்துவிட்டது. பலர் சேர்ந்து கணக்குப் போடும்போது கூட்டலும் பெருக்கலும் கஷ்டமல்ல, ஒருவருக்காக ஒருவர் காத்திருப்பதுதான் கஷ்டம் என்பதை ரிச்சர்ட்சன் அன்றே கண்டுகொண்டார் என்று நான் நினைக்கிறேன்.

இன்றைய நிரல்களும் அந்த மண்டபத்தைப் போலவே வேலை செய்கின்றன. கணக்கிட வேண்டிய வெளியைப் புள்ளிகளாகப் பிரித்து, புள்ளிகளைக் கட்டம் கட்டமாகச் செயலிகளுக்குக் கொடுப்பார்கள். காலத்தையும் சின்னச் சின்னக் காலப்படிகளாக நறுக்கி, ஒரு படி முடிந்த பிறகு அடுத்த படிக்குப் போவார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றிலும் ஆயிரம் புள்ளிகள் கொண்ட ஒரு கனசதுரத்தை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 100 கோடி புள்ளிகள். ஆயிரம் செயலிகளுக்குப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 100 × 100 × 100, அதாவது 10 லட்சம் புள்ளிகள். ஓரத்துப் புள்ளிகளைக் கணக்கிட, அந்தச் சிறு கனசதுரத்தின் ஆறு முகங்களுக்கும் வெளியே ஒட்டியிருக்கும் அண்டைப் புள்ளிகளின் மதிப்புகள் வேண்டும். முகத்துக்கு 10,000 வீதம் 60,000 எண்கள், சொந்த வேலையில் 6 சதவீதம். இது ஒரு சுமையே அல்ல. உள்புள்ளிகளைக் கணக்கிட்டு முடிப்பதற்குள் அந்த எண்கள் வலையமைப்பு வழியாக வந்து சேர்ந்துவிடும்.

அதே 100 கோடி புள்ளிகளைப் பத்து லட்சம் செயலிகளுக்குப் பிரித்தால் ஆளுக்கு 10 × 10 × 10, வெறும் ஆயிரம் புள்ளிகள். அண்டையிலிருந்து வாங்க வேண்டியவை 600. இப்போது சொந்த வேலை ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது, வெளியே கேட்டு வாங்குவதோ நூறில் ஒரு பங்காகத்தான் சுருங்கியிருக்கிறது. கொடுக்கல் வாங்கல் 60 சதவீதம். எந்த நிறுவனம் எவ்வளவு நல்ல செயலியைச் செய்தாலும் பருமனுக்கும் பரப்புக்கும் உள்ள இந்த விகிதத்தை மாற்ற முடியாது.

எண்கள் வந்து சேர ஆகும் நேரத்துக்கும் ஓர் அடிமட்டம் உண்டு. ஒளியே ஒரு நானோ நொடியில் 30 செ.மீ. தூரம்தான் போகும். அரங்கம் அளவுக்குப் பரந்த கணினியில், வழியில் உள்ள இணைப்புக் கருவிகளையும் மென்பொருளையும் கடந்து ஒரு கணுவிலிருந்து இன்னொன்றுக்குச் சேதி போக ஒன்றிரண்டு மைக்ரோ நொடி ஆகும். ஒரே ஓர் எண்ணை அனுப்பினாலும் அவ்வளவு ஆகும். இன்றைய பெரிய ஜிபியு (வரைகலைச் செயலி) ஒன்று, ஒரு மைக்ரோ நொடியில் 4 கோடிக்கும் மேற்பட்ட கணக்குகளைப் போடவல்லது. பக்கத்துக் கணுவிடம் ஓர் எண்ணைக் கேட்டுவிட்டு அது காத்திருக்கும் நேரத்தின் விலை அது.

கணக்கை மாற்றாமல் செயலிகளை மட்டும் கூட்டினால் எவ்வளவு வேகம் கூடும் என்பது ஒரு கேள்வி. செயலிகளோடு சேர்த்துக் கணக்கையும் பெரிதாக்கினால், அதே நேரத்துக்குள் முடியுமா என்பது இன்னொரு கேள்வி. இந்தத் துறையில் நடந்த பெரும்பாலான சண்டைகள், ஒருவர் முதல் கேள்விக்கும் மற்றவர் இரண்டாம் கேள்விக்கும் பதில் சொன்னதால் நடந்தவை.

முதல் கேள்விக்கு 1967-இல் ஜீன் ஆம்டால் ஒரு கடுமையான பதில் சொன்னார். ஐபிஎம்மின் சிஸ்டம்/360 கணினியை வடிவமைத்தவர்களில் முதன்மையானவர் அவர். எந்த நிரலிலும் பங்குபோட முடியாத பகுதி கொஞ்சமாவது இருக்கும். செயலிகளைக் கூட்டக் கூட அந்தப் பகுதியே மொத்த நேரத்தையும் பிடித்துக்கொள்ளும் என்பது அவர் வாதம். நூறில் ஒரு பங்கு வேலையை ஒரே செயலிதான் செய்தாக வேண்டும் என்றால், எத்தனை லட்சம் செயலிகளை இறக்கினாலும் வேகம் நூறு மடங்கைத் தாண்டாது. 1,024 செயலிகளை வைத்தால் 91 மடங்குதான் கிடைக்கும். மீதி 900-க்கும் மேற்பட்ட செயலிகளுக்குக் கொடுத்த பணம் காத்திருப்பதற்குக் கொடுத்த பணம்.

இருபது ஆண்டுகளுக்கு இந்த வாதம் ஆட்சி செய்தது. 1985-இல் ஆலன் கார்ப் ஒரு சவால் விட்டார்: உண்மையான ஓர் அறிவியல் நிரலில், பொதுப் பயன்பாட்டு இணைக் கணினி ஒன்றில், 200 மடங்கு வேகத்தைக் காட்டுபவருக்கு நூறு டாலர் தருகிறேன். சவாலை வென்றவர்கள் அதே நியூ மெக்சிகோவில், சாண்டியா தேசிய ஆய்வகத்தில் இருந்தார்கள். ஜான் கஸ்டஃப்சன், கேரி மான்ட்ரி, ராபர்ட் பென்னர் மூவரும் 1,024 செயலிகள் கொண்ட 'என்கியூப்' கணினியில் மூன்று நிரல்களை ஓட்டினார்கள். கணக்கின் அளவை மாற்றாமல் ஓட்டியபோதே 500 மடங்குக்கு மேல் வேகம் கூடியது. செயலிகளுக்கு ஏற்பக் கணக்கையும் பெரிதாக்கியபோது ஆயிரம் மடங்கைத் தாண்டியது. 'கார்டன் பெல்' பரிசு முதன்முதலாக வழங்கப்பட்டபோது அவர்களுக்குத்தான் கிடைத்தது.

1988-இல் கஸ்டஃப்சன் எழுதிய சிறு கட்டுரை இதன் காரணத்தை விளக்கியது. ஆயிரம் மடங்கு பெரிய கணினி கிடைத்தால், எந்த விஞ்ஞானியும் பழைய கணக்கையே ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் முடித்துவிட்டு வீட்டுக்குப் போவதில்லை. இன்னும் நுணுக்கமான கட்டம், இன்னும் பெரிய வெளி என்று கணக்கைப் பெரிதாக்குவார். அப்போது பங்குபோடக்கூடிய வேலை வளர்கிறது. பங்குபோட முடியாத பகுதி, அதாவது தொடக்கத் தரவைப் படிப்பது, விடையை எழுதுவது போன்றவை, ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. கஸ்டஃப்சன் ஆம்டாலைத் தோற்கடித்துவிட்டார் என்று சொல்லும் வழக்கம் உண்டு. அதை நான் ஏற்கவில்லை. கணக்கைப் பெரிதாக்க முடிகிற இடத்தில் கஸ்டஃப்சன் சரி. பெரிதாக்க முடியாத இடத்தில் ஆம்டால் இன்றைக்கும் அப்படியே நிற்கிறார், அந்த இடங்கள் நாம் நினைப்பதைவிட அதிகம்.

இருவர் கணக்கிலும் ஓர் அனுமானம் மறைந்திருக்கிறது. பங்குபோட்ட வேலையை எல்லோரும் ஒரே நேரத்தில் முடிப்பார்கள் என்பது. ஆஸ்கி கியூவில் பொய்த்தது அதுதான்.

சேஜ் நிரலில், ஒவ்வொரு காலப்படியிலும் எல்லாச் செயலிகளும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வர வேண்டிய இடங்கள் உண்டு. அடுத்த காலப்படி எவ்வளவு நீளமாக இருக்கலாம் என்பது ஓர் உதாரணம். எங்கோ ஓரிடத்தில் அதிர்வலை வேகமாகப் போனால், அந்த இடத்துக்குப் பாதுகாப்பான படிதான் எல்லோருக்கும் படி. ஒவ்வொரு செயலியும் தன் எண்ணைக் கொடுக்கும். இரண்டிரண்டாக ஒப்பிட்டு, மரத்தின் கிளைகள் தண்டில் சேர்வதுபோல் மேலே அனுப்பி, கிடைத்த ஒற்றை எண்ணை மறுபடி எல்லோருக்கும் இறக்குவார்கள். 8,192 செயலிகளுக்கு இதில் 13 நிலைகள். கடைசிச் செயலி தன் எண்ணைத் தரும்வரை யாரும் நகர முடியாது.

சுமார் நாலாயிரம் செயலிகளில் ஓடியபோது, சேஜ் தன் நேரத்தில் ஏறக்குறைய பாதியை இந்த ஒருங்கிணைப்பில் செலவிட்டது. குற்றவாளி கிடைத்துவிட்டான் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அந்தச் செயலை ஏழு மடங்கு வேகப்படுத்தினார்கள். சேஜின் மொத்த நேரம் குறையவே இல்லை என்று சொல்லலாம். பாதி நேரத்தை விழுங்கும் ஒன்றை ஏழு மடங்கு வேகமாக்கியும் பலன் இல்லை என்றால், நேரம் எண்களைச் சேர்ப்பதில் போகவில்லை. இன்னும் வந்து சேராத யாருக்காகவோ எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

எல்லோருக்கும் சம வேலை கொடுத்திருக்கும்போது யார் தாமதமாக வருவது? இதை அளக்க மிக எளிய ஒரு சோதனை செய்தார்கள். சரியாக ஒரு மில்லி நொடி எடுக்கும் ஒரு வேலையை ஒவ்வொரு செயலியும் பத்து லட்சம் முறை செய்ய வேண்டும். யாரோடும் பேச வேண்டாம், யாருக்காகவும் நிற்க வேண்டாம். இடையூறே இல்லை என்றால் ஆயிரம் நொடியில் முடியும். அதற்கு மேல் ஆனால், அந்தக் கூடுதல் நேரத்தில் செயலியை வேறு யாரோ எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். விடை வந்தது: எந்தச் செயலியிலும் இழப்பு 2.5 சதவீதத்தைத் தாண்டவில்லை. பாதி வேகம் காணாமல் போயிருக்கும்போது இரண்டரை சதவீதத்தை வைத்து எதை விளக்குவது?

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொண்டால் இது விளங்கும். பந்தியில் கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் இலையை விட்டு எழுவதில்லை. எட்டுப் பேர் பந்தியில் யாருக்காவது விக்கல் வந்து தாமதமாவது எப்போதாவது நடக்கும். எட்டாயிரம் பேர் பந்தி என்றால், ஒவ்வொரு பந்தியிலும் யாராவது ஒருவருக்கு விக்கல் வந்தே தீரும். தனித்தனியாகப் பார்த்தால் எல்லோரும் ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்கள்தான். மண்டபத்தில் மட்டும் எந்தப் பந்தியும் நேரத்துக்கு எழாது.

எண்ணாக வைத்துப் பார்ப்போம். ஒரு செயலிக்கு ஆயிரம் படிகளில் ஒரு படியில் இடையூறு வருகிறது, அந்த இடையூறு ஒரு படியின் அளவுக்கே நீள்கிறது என்று கொள்வோம். தனியாக ஓடினால் இழப்பு ஆயிரத்தில் ஒன்று. நான்கு செயலிகள் சேர்ந்தால் ஆயிரத்தில் நான்கு. 8,192 செயலிகள் ஒவ்வொரு படியிலும் ஒன்றுக்கொன்று காத்திருந்தால், ஒரு படி இடையூறு இல்லாமல் கழிவதற்கான வாய்ப்பு மூவாயிரத்தில் ஒன்றைவிடக் குறைவு. ஏறக்குறைய எல்லாப் படிகளும் இரட்டிப்பு நேரம் எடுக்கும். ஆயிரத்தில் ஒரு பங்கு இழப்பு, ஒன்றுக்கு ஒன்று என்ற இழப்பாகிவிட்டது.

யார் குறுக்கிட்டது என்பது, செயலிகளின் அளவீடுகளைக் கணு வாரியாகத் தொகுத்து வரிசையாகப் பார்த்தபோது தெரிந்தது. 32 கணுக்களுக்கு ஒருமுறை அதே வடிவம் திரும்பத் திரும்ப வந்தது. இயந்திரம் 32 கணுக்கள் கொண்ட குழுக்களாக நிர்வகிக்கப்பட்டது. ஒவ்வொரு குழுவிலும் சில குறிப்பிட்ட கணுக்கள் நிர்வாக வேலைகளையும் சேர்த்துச் சுமந்தன. அதுபோக எல்லாக் கணுக்களிலும் 'டீமன்' எனப்படும் பின்னணி நிரல்கள் ஓடின: பிரிண்டருக்கு வேலை வந்திருக்கிறதா என்று பார்ப்பது, வெப்பநிலையைக் கவனிப்பது, நான் உயிரோடு இருக்கிறேன் என்று மேலிடத்துக்குச் சொல்வது. நம் மேசைக் கணினியிலும் ஓடுகிறவைதான். ஒரு கணுவில் நான்கு செயலிகளும் சேஜுக்காக உழைக்கும்போது, டீமன் எழுந்தால் நான்கில் ஒன்றைத்தான் தட்டிப் பறிக்க வேண்டும். மூன்று மட்டும் உழைத்தால், சும்மா இருக்கும் நான்காவதில் டீமன் ஓடிவிட்டுப் போகும். மூன்று நான்கை வென்ற மர்மம் இவ்வளவுதான்.

மருந்தும் எளியது. தேவையில்லாத சுமார் பத்து டீமன்களை நிறுத்தினார்கள். 30 நொடிக்கு ஒருமுறை நடந்த ஒரு கண்காணிப்பை 60 நொடிக்கு ஒருமுறை ஆக்கினார்கள். ஒரு குழுவில் சிதறியிருந்த நிர்வாக வேலைகளில் சிலவற்றை ஒரே கணுவுக்கு மாற்றினார்கள். சேஜ் நிரலில் ஒரு வரியும் மாறவில்லை, ஒரு புதிய கருவியும் வாங்கவில்லை. வேகம் இரண்டு மடங்கானது.

அவர்கள் கண்டறிந்த இன்னொரு விஷயத்தை நான் முக்கியமாகக் கருதுகிறேன். எல்லா இடையூறும் எல்லா நிரலையும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை. அடிக்கடி ஒருங்கிணையும் நிரலைச் சின்னச் சின்னதாக அடிக்கடி வரும் இடையூறு பாதிக்கிறது. நீண்ட நேரம் தனித்தனியாக உழைத்துவிட்டு எப்போதாவது ஒருங்கிணையும் நிரலை, எப்போதாவது வந்து நெடுநேரம் நீடிக்கும் இடையூறு பாதிக்கிறது. ஆகவே 'இந்தக் கணினி எவ்வளவு வேகம்?' என்று கேட்டால் பதில் இல்லை. இந்தக் கணினியில் இந்த நிரல், இத்தனை கணுக்களில் எவ்வளவு வேகம் என்று கேட்டால்தான் உண்டு.

இந்தப் பாடம் இயந்திர வடிவமைப்பிலும் இறங்கியது. ஐபிஎம்மின் 'புளூ ஜீன்/எல்', 2005-இல் 65,536 கணுக்களாக வளர்ந்தபோது, அதன் கணக்கிடும் கணுக்களில் டீமன்களே இல்லாத, மிகச் சிறிய இயங்குதளம் ஒன்றுதான் ஓடியது. ஜப்பானின் 'ஃபுகாகு'வில் ஒவ்வொரு செயலிக்குள்ளும் கணக்குக்கு 48 கருக்கள், அதாவது தனித்தனிக் கணக்கிடும் அலகுகள். இயங்குதளத்தின் வீட்டு வேலைகளுக்கென்றே தனியாக இரண்டு அல்லது நான்கு துணைக் கருக்கள். அமெரிக்காவின் 'ஃபிரான்டியர்' கணினியில் ஒரு கணுவின் 64 கருக்களில் வழக்கமாக 56-தான் ஆய்வாளர்களின் நிரலுக்குக் கிடைக்கும். மீதி எட்டு ஒதுக்கிவைக்கப்பட்டவை.

பத்திரிகைகளில் வரும் வேகப் பட்டியல்கள் இதையெல்லாம் சொல்வதில்லை. ஃபிரான்டியர் 2022 மே மாதம் நொடிக்கு ஒன்றுக்குப் பின்னால் 18 சுழி போட்ட எண்ணிக்கையிலான கணக்குகளை முதன்முதலாகத் தாண்டியதாகச் செய்தி வந்தது. இதற்கு 'எக்ஸா' அளவு என்று பெயர். அதை அளந்தது லின்பேக் என்ற சோதனை. ஒரு பெரிய அடர்த்தியான சமன்பாட்டுத் தொகுதியைத் தீர்ப்பது அந்தச் சோதனை. அதில் ஓர் எண்ணை நினைவகத்திலிருந்து எடுத்தால் அதை வைத்துப் பல கணக்குகள் போடலாம். இயற்பியல் நிரல்களில் பெரும்பாலும் அப்படி இல்லை. ஓர் எண்ணை எடுத்து ஒன்றிரண்டு கணக்குப் போட்டுவிட்டு அடுத்த எண்ணுக்காகக் காத்திருக்க வேண்டும். லின்பேக் சோதனையின் கர்த்தாக்களில் ஒருவரான ஜாக் டொங்கராவே, மைக்கேல் ஹெரோக்ஸோடு சேர்ந்து, இந்தக் குறையைப் போக்க எச்பிசிஜி என்ற வேறொரு சோதனையை முன்வைத்தார். அதில் ஃபிரான்டியர் பெற்றது சுமார் 14 பெட்டா (பெட்டா என்பது எக்ஸாவில் ஆயிரத்தில் ஒரு பங்கு). லின்பேக் வேகத்தில் நூறில் ஒன்றுக்குச் சற்று மேல். இயந்திரம் அதுவேதான். ஃபுகாகு லின்பேக்கில் 442 பெட்டாதான் எடுத்தது, ஆனால் இந்தச் சோதனையில் 16 பெட்டா எடுத்து ஃபிரான்டியரை முந்தியது. இரண்டாவது பட்டியலைத்தான் முதல் பக்கத்தில் போட வேண்டும் என்பது என் கருத்து.

காத்திருப்பு இவ்வளவு விலை உயர்ந்ததாகிவிட்ட பிறகு, நல்ல கணித முறை எது என்பதே மாறிவிடுகிறது. ஹெஸ்டனஸ், ஸ்டீஃபல் இருவரும் 1952-இல் தந்த ஒரு முறை, பெரிய சமன்பாட்டுத் தொகுதிகளைத் தீர்க்க இன்றும் உலகமெங்கும் பயன்படுகிறது. அதன் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை எல்லாச் செயலிகளும் சேர்ந்து ஒரு கூட்டுத்தொகை காண வேண்டும். 2014-இல் கீசல்ஸ், வான்ரூஸ் இருவரும் அதைத் திருத்தி எழுதினார்கள். புதிய வடிவத்தில் கணக்கு வேலை கூடுதல், நினைவகமும் கூடுதல். ஆனால் கூட்டுத்தொகை எங்கோ சேர்ந்துகொண்டிருக்கும்போதே செயலி அடுத்த வேலையைத் தொடங்கிவிடலாம். சில நிரல்களில் அண்டைச் செயலி ஏற்கெனவே கணக்கிட்ட எண்ணைக் கேட்டு வாங்காமல், அதே கணக்கைத் தானும் இன்னொரு முறை போட்டுக்கொள்கிறார்கள். ஒரு செயலி மட்டும் இருந்த காலத்தில் படித்தவர்களுக்கு இது வீண்செலவாகத் தோன்றும். பல லட்சம் செயலிகள் உள்ள இடத்தில் இதுதான் சிக்கனம்.

வானிலைத் துறையில் இந்த மாற்றம் ஆழமானது. பல பத்தாண்டுகளாக உலக வானிலை மாதிரிகளில் கோலோச்சிய முறை, பூமியைச் சுற்றிய காற்றை அலைகளின் கூட்டாக எழுதுவது. மிகத் துல்லியமான, அழகான முறை அது. ஆனால் ஒவ்வொரு காலப்படியிலும் புள்ளிகளிலிருந்து அலைகளுக்கும், அலைகளிலிருந்து மறுபடி புள்ளிகளுக்கும் மாற வேண்டும். அதற்குக் கணினி முழுக்கத் தரவு இடம் மாற வேண்டும். அமெரிக்காவின் நோவா நிறுவனம் 2016-இல், பெரும்பாலும் அண்டை வீட்டாரோடு மட்டும் பேசினால் போதும் என்கிற வேறொரு முறையைத் தேர்ந்தெடுத்தது. அந்தத் தேர்வில், அதிகச் செயலிகளில் எது தாக்குப்பிடிக்கும் என்பது முக்கியமான ஓர் அளவுகோல். 2019 ஜூனில் அந்த முறை அவர்களுடைய அன்றாடக் கணிப்புக்கு வந்தது.

கஸ்டஃப்சனின் வழி அடைபடுகிற இடமும் வானிலையில்தான் தெளிவாகத் தெரிகிறது. அவர் சொன்னபடி கணக்கைப் பெரிதாக்குவோம்: கட்டத்தின் இடைவெளியை மூன்று திசைகளிலும் பாதியாக்கினால் புள்ளிகள் எட்டு மடங்கு. எட்டு மடங்கு செயலிகள் கொடுத்தால் ஒரு காலப்படிக்கு ஆகும் நேரம் மாறாது. ஆனால் கட்டம் நுணுக்கமானால் காலப்படியையும் சிறிதாக்க வேண்டும். இல்லாவிட்டால் விடை வெடித்துச் சிதறும். இந்தக் கட்டுப்பாட்டை கூரன்ட், ஃபிரீட்ரிக்ஸ், லெவி ஆகியோர் 1928-இலேயே நிறுவினார்கள். படிகள் இரட்டிப்பாகின்றன, படிகளை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போட முடியும். ஆக, எட்டு மடங்கு பெரிய கணினியைக் கொடுத்து, எல்லாம் குறையின்றி ஓடினாலும், விடை வர இரண்டு மடங்கு நேரம் ஆகும்.

இந்தியாவின் உலக வானிலை மாதிரி 12 கி.மீ. கட்டத்தில் ஓடிவந்தது, 2025 மே மாதம் 6 கி.மீ. கட்டம் கொண்ட 'பாரத் முன்கணிப்பு அமைப்பு' அறிமுகமானது. பூமியின் பரப்பை 12 கி.மீ. சதுரங்களாக வெட்டினால் சுமார் 35 லட்சம், 6 கி.மீ. என்றால் சுமார் 1.4 கோடி. ஒவ்வொரு சதுரத்தின் மேலும் காற்று பல பத்து அடுக்குகள். சதுரங்கள் நான்கு மடங்கானதற்குக் கூடுதல் செயலிகள் ஈடுகொடுக்கும். 2024 செப்டம்பரில் புணேயில் 'அர்கா', நொய்டாவில் 'அருணிகா' என்ற கணினிகள் தொடங்கப்பட்டதற்கு வானிலையும் பருவநிலையும்தான் காரணம். ஆனால் வங்கக் கடலில் உருவாகும் ஒரு புயல் நாகப்பட்டினத்துக்கு எப்போது வரும் என்ற விடை, புயலுக்கு முன்னால் வந்தாக வேண்டும். விடிவதற்குள் முடிய வேண்டிய கணக்குக்குப் பெரிய கணக்கைப் போட்டேன் என்ற சமாதானம் செல்லாது. இங்கே ஆம்டாலின் கேள்விதான் கேள்வி.

புரதத்தின் அசைவைக் கணக்கிடுபவர்களுக்கு இது இன்னும் கடுமை. அணுக்களின் ஒரு காலப்படி சுமார் 2.5 ஃபெம்டோ நொடி. ஒரு புரதம் மடிந்து விரிவதைப் பார்க்க மில்லி நொடி வேண்டும். ஒரு மில்லி நொடிக்கு 40,000 கோடி படிகள், ஒன்றன்பின் ஒன்றாக. இதில் கணக்கைப் பெரிதாக்கிப் பயனில்லை. புரதம் அதே புரதம். டி. இ. ஷா ஆய்வு நிறுவனம் இதற்கென்றே 'ஆன்டன்' என்ற கணினியைத் தனியாக வடிவமைத்தது. 512 சில்லுகள், தண்ணீர் மூலக்கூறுகளையும் சேர்த்துப் பதினெட்டாயிரம் அணு என்றால், சில்லுக்கு 35 அணுதான். அவ்வளவு மெல்லியதாகப் பங்குபோட்ட பிறகும் சில்லுகள் ஒன்றுக்கொன்று காத்திருக்காதபடி, இணைப்பிலிருந்து கணக்கிடும் பகுதிவரை எல்லாவற்றையும் அந்த ஒரே வேலைக்காகச் செதுக்கினார்கள். 2010-இல் ஒரு சிறு புரதத்தின் முழு மில்லி நொடி அசைவை வெளியிட்டார்கள். பொதுப் பயன்பாட்டுக் கணினிகளால் அதை அன்று நினைத்தும் பார்க்க முடியாது.

பருவநிலை ஆய்வாளர்களுக்கு அப்படித் தனிக் கணினி இல்லை. ஃபிரான்டியர் போன்றவற்றை மற்றவர்களோடு பகிர்ந்துகொள்கிறார்கள். 'ஸ்கிரீம்' என்ற மாதிரி, உலகம் முழுவதையும் 3.25 கி.மீ. கட்டத்தில், பெரிய இடிமேகங்களைத் தனித்தனியாகக் காட்டும் நுணுக்கத்தில் கணக்கிடுகிறது. ஜிபியுக்களுக்காக அதை சி++ மொழியில் புதிதாக எழுதினார்கள். ஃபிரான்டியரின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டு ஓடியபோது, ஒரு நாளில் 1.26 ஆண்டுக் கால வானிலையைக் கணக்கிட்டது. 2023-இல் பருவநிலைக்கான கார்டன் பெல் பரிசு அதற்குக் கிடைத்தது, தகுதியான பரிசு. அந்த வேகத்தில் ஒரு நூற்றாண்டைக் கணக்கிட 79 நாட்கள் ஆகும், கணினியை வேறு யாரும் தொடாமல் இருந்தால். ஒரு நூற்றாண்டை ஒரே முறை ஓட்டினாலும் போதாது. தொடக்க நிலையைச் சற்றுச் சற்று மாற்றிப் பல முறை ஓட்ட வேண்டும். இன்னும் செயலிகளைச் சேர்த்தால் என்ன என்றால், ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் நிலத்துண்டு சுருங்கி, நாம் பார்த்த பத்துக்குப் பத்துக் கனசதுரத்தின் கதையாகிவிடும்.

அதனால் சிலர் காலத்தையே பங்குபோட முயல்கிறார்கள். லியோன்ஸ், மதாய், துரினிச்சி மூவரும் 2001-இல் முன்வைத்த 'பேராரியல்' என்ற முறையில், முதலில் முழுக் காலத்தையும் தோராயமாக, வேகமாக ஒருமுறை கடந்துவிடுவார்கள். அந்தத் தோராயம் தரும் இடைநிலைகளைத் தொடக்கமாக வைத்து, காலத்தின் வெவ்வேறு துண்டுகளை வெவ்வேறு செயலிக் குழுக்கள் ஒரே சமயத்தில் நுணுக்கமாகக் கணக்கிடும். துண்டுகளின் முனைகள் ஒட்டாமல் போகும் இடங்களைத் திருத்தி, முனைகள் பொருந்தும்வரை திரும்பத் திரும்பச் செய்வார்கள். வெப்பம் பரவுவது போன்ற, பழைய பிழைகள் தாமாகவே தேய்ந்துவிடும் கணக்குகளில் சில சுற்றுகளிலேயே விடை ஒட்டிவிடுகிறது. அலைகள் பயணிக்கிற, காற்று கொந்தளிக்கிற கணக்குகளில் ஒவ்வொரு திருத்தமும் அடுத்த துண்டைப் புரட்டிப்போடுகிறது. சுற்றுகள் பெருகி, மிச்சம்பிடித்த நேரம் எல்லாம் அதிலேயே போய்விடுகிறது. வானிலைக்கு வேண்டியது இந்த இரண்டாம் வகை. தோராயமான முதல் கணக்கை எவ்வளவு தோராயமாக வைக்கலாம் என்பதில்தான் இப்போது பலரும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.